நடை பயிற்றும் இயந்திரம்

கால் தளர்ந்த ஒருவரை இயந்திரம் பிடித்து நடத்திச் செல்லும் காட்சியைக் கைத்தொலைபேசியிற் காணாதார் இந்நாளில் அரியர். நோயாளியைப் பட்டிகளாற் பிணைத்து மேலேயிருந்து தாங்கியிருப்பர். இரு கால்களையும் உலோகச் சட்டங்கள் தழுவியிருக்கும். பாதத்தின் கீழே அகன்ற பட்டியொன்று ஓயாது சுழலும். நேற்றுவரை சக்கர நாற்காலியில் இருந்தவர் சீராக அடிமேல் அடி வைப்பார். நல்லூர்ப் பகுதியிலே எமக்கு அறிமுகமான குடும்பமொன்று இக்காட்சியைக் கண்டு, மகளை இந்தியாவுக்குக் கொண்டு செல்வதற்காகக் காணி உறுதியை ஈடு வைக்க ஆயத்தமாயிற்று. “மாஸ்ரர், அந்த மெசினிலை விட்டால் பிள்ளை நடப்பாளோ?” என்று தந்தையார் எம்மிடங் கேட்டார். நாம் வைத்தியர் அல்லேம். ஆயினும் ஒரு வீட்டின் காணி அக்கேள்வியிலே தங்கியிருந்தமையால், அறிந்தோரை வினாவியும் ஆய்வேடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகின்றோம். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கக்கூடும்.

அம்மகளுக்கு வந்த நோயின் பெயர் மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ். பல இடங்களில் இறுகிய தழும்புகள் என்பது அப்பெயரின் பொருள். வீட்டு மின்கம்பியை அறுத்துப் பார்த்தால், உள்ளே செப்பும் வெளியே உறையும் இருப்பதைக் காணலாம். எமது நரம்பிழைகளும் அத்தகையனவே. அவற்றின் மேலுள்ள கொழுப்பு உறையை மயலின் என்பர். நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, இந்நோயிலே தன் சொந்த உடம்பின் மயலின் உறையையே பகையென மயங்கித் தாக்குகின்றது. மூளையிலும் முண்ணாணிலும் உறை கழன்ற இடங்கள் தழும்பாகின்றன. அவ்விடங்களில் மூளையின் கட்டளை தாமதிக்கின்றது, அல்லது நின்றே போகின்றது. ஒருவருக்கு ஒரு கண் மங்கும், மற்றொருவருக்குக் கால் மரக்கும், வேறொருவருக்குச் சிறுநீர் கட்டுப்படாது. தழும்பு எங்கே விழுகின்றதோ அதனைப் பொறுத்தது அது.

பாரிஸ் நகரிலே சார்க்கோ என்னும் வைத்தியர் 1868ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயென வரையறுத்துக் காட்டினார். அதே ஆண்டிலே எமது மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியங் கற்பித்துக்கொண்டிருந்தார். உடற்கூற்று நூல்களையும் அவர் தமிழில் ஆக்கினார். அன்று தொடங்கிய அப்பணி இடைமுறியாது வளர்ந்திருந்தால், இந்நோய்க்கு ஊரார் எல்லோரும் அறிந்த தமிழ்ப் பெயரொன்று இன்று இருந்திருக்கும். இது எமது பழைய மனக்குறை, நிற்க.

உலகிலே இந்நோயுடையோர் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் என்று 2020இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையிலே தொடங்கும். ஆண்களிலும் பெண்கள் இரு மடங்கினர். குளிர்நாடுகளில் மிகுதி, பூமத்திய ரேகையை அணுகுந்தோறுங் குறைவு. ஆகவே இலங்கையிலே இது அருமையான நோய். அருமையாக இருப்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. அயலவர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத நோயோடு வாழ்வது மிகுந்த தனிமை. இளைஞன் தள்ளாடினால் குடித்திருக்கின்றான் என்பார்கள். பெண் களைத்துப் படுத்தால் சோம்பல் என்பார்கள். ஒருமுறை வந்த முடக்கம் சில கிழமைகளில் தானே தணிந்துவிட்டால், நூல் கட்டியவருக்குப் புகழ் கிடைக்கும். ஆனால் பலரிடத்தில் வந்து தணிந்து மீண்டும் வருவதே இந்நோயின் இயல்பு. சிலரிடத்திலோ தணியாது மெல்ல மெல்ல ஏறும்.

மருந்து இல்லாமலில்லை. 1993இல் முதன்முதலாக இன்டர்பெரோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் வலிய மருந்துகள் பல வந்துள்ளன. அவற்றின் வேலை புதிய தாக்குதல்களைத் தடுப்பது. தழும்பான நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதன்று. எனவே நோய் தெரிந்தவுடன் நரம்பியல் நிபுணரிடஞ் சென்று மருந்தைத் தொடங்குவது முதற் கடமை. இழந்த நடையை எவ்வளவு மீட்கலாம் என்பது அடுத்த கேள்வி. இயந்திரம் இவ்விடத்திலேதான் வருகின்றது.

நடப்பதை மூளையே முழுவதும் நடத்துகின்றது என்று நாம் நினைக்கின்றோம். 1911இல் தோமஸ் கிரகாம் பிரவுண் என்னும் ஆய்வாளர், முண்ணாண் அறுக்கப்பட்ட பூனையின் பின்கால்கள் மூளையின் ஏவலின்றியே மாறிமாறி அசையக்கூடியன என்று காட்டினார். 1987இல் கனடாவின் மொன்றியல் நகரிலே அத்தகைய பூனைகளைச் சுழலும் பட்டியின்மேல் நாள்தோறும் பழக்கி, பின்கால்களால் அடி வைக்கச் செய்தார்கள். முண்ணாணுக்கும் ஒரு கல்வி உண்டு, அதனை ஆயிரம் ஆயிரம் அடிகளாற் புகட்டலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது. எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்று எமது ஆச்சிமார் சொன்ன முறைதான்.

பூனைக்கு எளிது, மனிதனுக்கு எளிதன்று. நோயாளியைத் தொங்கவிட்டுப் பட்டியை ஓட்டினால், அவருடைய கால்களை எடுத்து வைக்க ஆள் வேண்டும். ஒரு காலுக்கு ஓர் இயன்மருத்துவர், மறுகாலுக்கு மற்றொருவர், இடுப்பைப் பிடிக்க இன்னுமொருவர். குனிந்தபடியே பிறரின் கனத்த காலை நூற்றுக்கணக்கான தடவை தூக்கி வைத்துப் பாருங்கள். அரைமணி நேரத்தில் முதுகு ஒடிந்துவிடும். நோயாளிக்கு இன்னும் நடக்கலாம் போலிருக்கும்போதே நடத்துவோர் சோர்ந்துவிடுவர். இந்தத் தொல்லைதான் இயந்திரத்தை ஈன்றது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே பால்கிறிஸ்ட் வைத்தியசாலையிற் பணிபுரிந்தோர், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் பொருத்திய சட்டமொன்றை அமைத்தார்கள். ஹொக்கோமா என்னும் கம்பனி அதனை லொக்கோமற் என்ற பெயரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நோயாளியின் பாரத்தில் எவ்வளவை மேலே தாங்குவது, எவ்வேகத்தில் நடத்துவது, மோட்டார் எவ்வளவு உதவுவது என்பவற்றைக் கணினி ஒழுங்கு செய்யும். விலையோ எமது பணத்திற் கோடிக்கணக்கிலாகும்.

ஆகவே இயந்திரத்தின் முதற் பயன் இயன்மருத்துவரின் முதுகைக் காப்பது என்று சொன்னால் மிகையாகாது. இகழ்ச்சியாக இதனைச் சொல்லவில்லை. களைக்காத கை பெரிய பேறு. ஆனால் அந்தக் கை, பயிற்றப்பட்ட மனிதக் கையிலும் மேலானதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

சோதித்தும் பார்த்தார்கள். இத்தாலியின் பெராரா நகர ஆய்வாளர் 2020இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இந்நோய் ஏறிச்செல்லும் வகையினராய், நடை மிகவும் கெட்ட 72 பேரை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கைத்தடியில்லாமல் நூறு மீற்றர் நடக்க இயலாதார் தொடக்கம், சில அடிகளுக்கு மேல் நடக்க முடியாது சக்கர நாற்காலியை நாடியோர் ஈறாக அதிலே இருந்தனர். ஒரு பகுதியினருக்கு இயந்திரத்தில் நடை. மறுபகுதியினருக்கு இயன்மருத்துவரின் கையால் வழக்கமான நடைப்பயிற்சி. இரு சாராருக்கும் நான்கு கிழமைகளில் 12 அமர்வுகள். முடிவிலே இரு சாராரும் முன்னேறினர். இயந்திரக்காரர் மற்றவரை மிஞ்சவில்லை. பயிற்சி நின்று மூன்று மாதங்களானபின் பார்த்தபோது, கிடைத்த நன்மையிற் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது.

இச்செய்தியைப் படித்தபோது எமக்கு ஏமாற்றம் உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை. மீண்டும் படித்தபோது வேறொன்று புலனாயிற்று. அவ்வளவு தளர்ந்தவர்களும் பன்னிரண்டே அமர்வுகளில் முன்னேறினார்கள் என்பது சிறிய காரியமா? இயந்திரம் இல்லாத ஊரிலும், பயிற்றுவிக்கத் தெரிந்த ஒருவரும் கைப்பிடிகளும் இருந்தால் அதே அளவு நன்மை உண்டாகலாம் என்றல்லவா அது சொல்கின்றது? நிறுத்தினாற் போய்விடும் என்ற செய்தி கசப்பானது. ஆனால் காணியை ஈடு வைக்குமுன் ஒரு தந்தை அறிய வேண்டிய செய்தி அதுவே. ஒரு மாதம் வெளிநாட்டிலே நடந்துவிட்டு, திரும்பி வந்து கட்டிலிற் கிடந்தால் ஈடும் வட்டியுமே எஞ்சும்.

நாம் காணும் படங்களிற் பலவற்றுக்கு உரியோர் பாரிசவாதத்தால் விழுந்தவர்கள். அவர்களது கதை வேறு. பாரிசவாதம் ஒருமுறை அடித்துவிட்டு ஓய்வது. அதன்பின் முதல் மூன்று மாதங்களுக்குள், தானாக நடக்க இயலாதவருக்கு, வழக்கமான பயிற்சியோடு இயந்திரப் பயிற்சியையும் சேர்த்தால் துணையின்றி நடக்கும் வாய்ப்புக் கூடுகின்றது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்டுள்ளனர். மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் அப்படி ஓய்வதில்லை. ஒருவருக்கு வந்த நன்மையை மற்றவருக்கும் வருமென்று எண்ணுவதே இங்கு நேரும் மயக்கம்.

இந்தியாவிலே இயந்திரம் எட்டாத பொருளாக இல்லை. கேரளத்து இளம் பொறியியலாளர் சிலர், மனிதர் மலக்குழியில் இறங்கும் இழிவை ஒழிக்கவென்று பண்டிக்கூட் என்னும் றோபோவை அமைத்து 2018இல் திருவனந்தபுரத்திலே வேலைக்கு விட்டார்கள். ஜென்றோபோட்டிக்ஸ் என்னும் அவர்களது நிறுவனமே பின்னர் ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி றோபோவையும் ஆக்கியது. திருவனந்தபுரம் அரசாங்கப் பொது வைத்தியசாலையில் அது நிறுவப்பட்டிருக்கின்றது. ஏழையும் சென்று நடக்கக்கூடிய இடத்திலே இயந்திரம் இருப்பதை நாம் மனமாரப் போற்றுகின்றோம். சென்னையில் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலே பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் நிலையம், 2019இல் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும், 2022இல் மலிவான செயற்கை முழங்காலையும் வெளியிட்டது. வெளிநாட்டு விலைக்கு அஞ்சி வாளாவிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

ஆனால் இத்துறையிலே யாழ்ப்பாணத்தார் அறிய வேண்டிய பெயர் வேலூர். எம்மவர் பலர் வைத்தியத்துக்காகச் சென்றுவரும் ஊர் அது. அங்குள்ள கிறித்தவ வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர், இந்தியாவுக்குச் செல்லுமுன் 1820ஆம் ஆண்டிலிருந்து எமது பண்டத்தரிப்பிலே வைத்தியப் பணி புரிந்தவர். அவ்வகையில் வேலூரின் வேர் ஒன்று யாழ்ப்பாண மண்ணிலும் உண்டு.

வேலூரிலே டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் இளம் வைத்தியர் இருந்தார். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்திலே அவருடைய முண்ணாண் நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. கால்கள் திரும்பவில்லை. கைகள் இருந்தன. டாக்டர் போல் பிராண்ட் அவர்களின் ஊக்கத்தினால், சக்கர நாற்காலியிலே இருந்தபடி தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சத்திர சிகிச்சையை அவர் செய்யத் தொடங்கினார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே தமக்கே பயிற்சி பெற்று, பின் நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்று வந்தார். 1966இலே வேலூரிற் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முண்ணாண் முறிந்தோர் தாமே உடுக்கவும், குளிக்கவும், சமைக்கவும், தொழில் செய்யவும் கற்கும் இடமாக அது வளர்ந்தது. இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 1986இல் அவர் காலமானார். அவர் தம் வாழ்நாளில் மீண்டும் இயல்பாக நடக்கவேயில்லை. எமது மாணவிகள் இவ்வம்மையாரின் வரலாற்றைப் பாடநூலிற் படிக்கவில்லையே என்று வருந்துகின்றோம்.

நடத்தலையே வாழ்வென எண்ணி, நடக்க முடியாவிட்டால் எல்லாம் முடிந்ததென எம்மவர் முடிவுகட்டிவிடுகின்றனர். மேரி அம்மையாரை நினைக்கும்போது அந்த அளவுகோல் பிழையென்று தோன்றுகின்றது. காலையில் தானே எழுந்து கிணற்றடிக்கோ குளியலறைக்கோ போய்வருதல், பாடசாலைக்குத் திரும்புதல், பிள்ளையை மடியிருத்திச் சோறூட்டுதல் ஆகியவற்றிலே எவை மீண்டன என்று கேட்பதே பொருத்தம். சில வேளைகளில் நான்கு அடி நடையும் மிகுதித் தூரத்துக்குச் சக்கர நாற்காலியும் சேர்ந்தே ஒரு நாளை நிறைவாக்கும். நாற்காலியில் ஏறுவது தோல்வியென்று மறுத்து, வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களை நாம் அறிவோம்.

யாழ்ப்பாணத்திலே நாம் வெறுங்கையோடு இல்லை. ஜெய்ப்பூர் நிலையம் என்று மக்கள் வழங்கும் புனர்வாழ்வு நிலையம் 1987இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே தோன்றியது. கண்ணிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்த எத்தனையோ பேர் அங்கே செயற்கைக் கால் பெற்று நடந்தனர். 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் ஆக்கிய கால் அது. அதிக எழுத்தறிவில்லாத சிற்பியும் சத்திர வைத்தியரும் ஒருங்கிருந்து ஆக்கியமையாலோ என்னவோ, அது எமது வாழ்க்கையை அறிந்த காலாயிருந்தது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயற்சேற்றில் இறங்கலாம். மேனாட்டுக் காலோ சப்பாத்துக்குள் அடங்கிக் கிடக்க வேண்டியது.

கால் இழந்தவருக்கும் நரம்பு தளர்ந்தவருக்கும் நோய் வேறு. ஆனால் நடை பழகும் முறையிலே உறவு உண்டு. இருபுறமும் கைப்பிடிக் கம்பிகள், எதிரே நிலைக்கண்ணாடி, அருகிலே “பாரத்தை இந்தக் காலுக்குக் கொண்டு வாங்கோ” என்று பொறுமையாகச் சொல்லும் ஒருவர். போர் எமக்குத் தந்த கொடுமைகளுக்கிடையே, நடை பயிற்றும் கைகளையும் தந்துவிட்டுச் சென்றது. பெரியாஸ்பத்திரியிலே இயன்மருத்துவப் பிரிவு இருக்கின்றது. காணியை ஈடு வைக்குமுன் இவற்றின் படியை மிதித்தவர் எத்தனை பேர்? அருகிலிருப்பதை மதியாமை எமது பழைய குணம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எமது எண்ணத்தில் வெற்றியும் தோல்வியும் நிகழ்வது அங்கேதான். முற்காலத்து வைத்தியர் இந்நோயாளரை ஓய்ந்திருக்கும்படி சொன்னார்கள். அசைந்தால் நோய் ஏறுமென்று அஞ்சினார்கள். 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே பதினைந்து கிழமை உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று, பயிற்சி அவர்களுக்கு நன்மையே செய்ததெனக் காட்டியது. வைத்திய உலகம் அதன்பின் மாறிவிட்டது. எமது வீடுகள் இன்னும் மாறவில்லை. “நீ எழும்பாதை பிள்ளை, அம்மா கொண்டு வாறன்” என்னும் அன்பு, தண்ணீரையும் தேநீரையும் மட்டுமன்றி, கட்டிலிலிருந்து அடுப்படிவரையுள்ள அந்தப் பதினைந்து அடியையும் அவளிடமிருந்து எடுத்துவிடுகின்றது. நாளுக்கு நாலு தடவை அப்படி எடுத்தால் மாதத்தில் எத்தனை அடி என்று பெருக்கிப் பாருங்கள். கோடி ரூபா இயந்திரம் கொடுக்க முயல்வதும் அந்த அடிகளைத்தான்.

இன்னொன்று, எமது நாட்டுக்கே உரியது. இந்நோயாளருக்கு வெயில் ஆகாது. உடம்பின் சூடு சிறிது ஏறினாலும், உறை கழன்ற நரம்பிலே கட்டளை ஓடுவது மேலும் தடைப்படும். கால் கனக்கும், கண் மங்கும். ஊத்தோவ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1890இல் இதனைக் குறித்து வைத்தார். ஓய்ந்து குளிர்ந்தால் அது தானே நீங்கும். நோய் முற்றிவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழா ஆவணி வெயிலிலே வருகின்றது. வீதியிலே பரப்பிய மணலில் வெறுங்காலோடு நடப்பது நல்ல கால்களுக்கே வேலை. தேருக்கு எல்லோரோடும் நிற்க வேண்டுமென்று அடம்பிடித்து, உச்சி வேளையிலே கால் மடிந்து விழுந்தால், நோயாளி அதன்பின் வெளியே வரவே கூசுவார். அவரை விடியற்காலைப் பூசைக்கு அழைத்துச் செல்லுங்கள்; ஈரத் துவாயொன்றும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு செல்லுங்கள்; இருக்க ஓர் ஆசனத்தை முன்பே தேடி வையுங்கள். இந்நோயின் களைப்பு சோம்பலன்று. பத்து நிமிடம் நடந்து, பத்து நிமிடம் ஓய்ந்து, மீண்டும் நடப்பதே முறை.

இவ்வளவும் அறிந்தபின்னும் இந்தியாவுக்குச் சென்று இயந்திரத்தில் நடக்க விரும்புவோரை நாம் தடுக்கவில்லை. அறவே நிற்க இயலாதவரை நிமிர்த்தி நடத்த அது உதவும். மனத்துக்கும் தெம்பு தரும். செல்லுமுன் அங்குள்ள வைத்தியரிடம் மூன்று செய்திகளை எழுதிக் கேளுங்கள்: இந்த நோயுடையவரை, இதே தளர்ச்சி நிலையிலுள்ளவரை, நீங்கள் பயிற்றியதுண்டா? எத்தனை அமர்வுகள் வேண்டும்? ஊருக்குத் திரும்பியபின் எங்கள் இயன்மருத்துவர் எதைத் தொடர வேண்டுமென்று எழுதித் தருவீர்களா? மூன்றாவதற்கு விடை சொல்லாதவரிடம் செல்வதில் பயனில்லை.

அதுவரை விறாந்தையிலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊர்த் தச்சரை அழைத்து, எட்டடி நீளத்தில் இரண்டு கைப்பிடி மரங்களை உறுதியான கால்களின்மேல் சமாந்தரமாக அமைப்பியுங்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகின்றதோ, அதுவே கைப்பிடியின் உயரம். அகலத்தை நோயாளியை நிறுத்தியே அளக்க வேண்டும். இரு புறமும் கை இயல்பாய்ப் பற்ற வேண்டும். கைத்தடி பிடிப்பவராயின், தளர்ந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலே தடி இருக்க வேண்டும். பலர் மாறியே பிடிக்கின்றனர். முதல் நாள் இயன்மருத்துவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டச் செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அண்ணனோ தந்தையாரோ பின்னால் நிற்க, போக ஒருமுறை, வர ஒருமுறை.